நாலாயிரத்தில் ஏழு

"ஏழு செடியும் எங்கண்ணா?" காலித் தொட்டிகளைப் பார்த்தபடி கேட்டான் சம்பத்.

"கலவன் எடுத்துட்டேன் சார்," என்றார் தோட்ட வேலை பார்க்கும் துலுக்காணம், பெருமையாக. இருபது வருஷம் விதைப் பண்ணையில் ஒவ்வாத செடிகளைத் தேடித் தேடிப் பிடுங்கிய கை அது. "குட்டக் குட்டையா, ஒரு மணி கூட இல்ல, அத்தனையும் பதரு. குப்பையில போட்டுட்டேன்."

சம்பத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலாயிரம் நெல் மகரந்தப் பைகளை வளர்ச்சி ஹார்மோன் ஊட்டி வளர்த்ததில், எட்டு மாதத்தில் தேறியவை அந்த ஏழுதான். பாதிக் குரோமோசோம் செடி, மணி பிடிக்காது. இன்னொரு மருந்தால் அதை இரட்டிப்பாக்கினால் சீக்கிரமே புது ரகம். வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவர் மனோரமா மேடம் பார்க்க வருகிறார். செடி இருந்தால்தான் திருப்பதி ஆய்வகத்தில் அவனுக்கு வேலை நிரந்தரம்.

"அழுவாதே சார். மணி இல்லாத நெல்லுக்கு யாராவது அழுவாங்களா?"

அழுது முடித்துக் குப்பையைக் கிளறப் போனபோது அங்கே ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை அதே சாயலில் பதர்ச் செடி கிடைக்குமா என்று பைக்கில் வயல் வயலாகத் தேடினான். விஜயபுரத்தில் ஒரு வயல் மூலையில், அவனுக்காகவே காத்திருந்ததுபோல், குட்டையாக, பதராகச் சில செடிகள். சுற்றிலும் ஆளில்லை. வேரோடு பெயர்த்துக் கோணியில் சுற்றி வந்து தொட்டிகளில் நட்டான்.

மறுநாள் மனோரமா கதிரை நசுக்கிப் பார்த்துத் தெலுங்கு கலந்து பாராட்டினார். "பாகுந்தி சம்பத்! உன் வேலை கன்ஃபர்ம். இலையை மட்டும் டெஸ்ட்டுக்கு அனுப்பி குரோமோசோம் எண்ணிடலாம்."

"எண்ண வேணாம் மேடம்!"

"எந்துகு?"

"கூச்சப்படும் மேடம்."

"யாரு?"

"செடி."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நிஜம் செப்பு."

சம்பத் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இது ஏதோ வயலில் திருடிய வெறும் பதர் என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

மேடம் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேலிக்கு வெளியே வீசினார். "திங்கட்கிழமையிலிருந்து வராதே!"

வேலியோரம் நின்ற மாடு கடைசிக் கதிரையும் நிதானமாக மென்று விழுங்கியது.

அப்போதுதான் துலுக்காணம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார்! நீ அழுதத பாத்து மனசு கேக்காம, அந்த ஏழு செடியையும் குப்பையிலேர்ந்து எடுத்துக்கினு போயி விஜயபுரத்துல எங்க வயல் மூலையில நட்டு வெச்சிருந்தேன், எவனோ திருட்டுப்பய புடுங்கிக்கினு போயிட்டான்!"