ஊர்வலத்தார் நடந்த இன்னோர் ஊர்வலம்

ஒஸ்லோவில் ஊர்வலத்தார் நடக்காத ஊர்வலமே கிடையாது. போருக்கு எதிராக, விலைவாசிக்கு எதிராக, எதற்கென்றே தெரியாமல் என்று எல்லாவற்றிலும் நடந்தவர். நகரின் ஓரத்தில் எங்கள் பியோர்ண்டாலில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; ஊர்வலத்தார் என்றால்தான் தெரியும். வரிசையையும் அவரே திருத்துவார். "மூண்டு மூண்டு பேராய் வாங்கோ! இதென்ன ஆட்டுப்பட்டியோ?" நோர்வீஜியப் பொலிசுக்கும் இதே அதட்டல்தான், தமிழிலேயே.

இரண்டாயிரத்து எட்டு ஜூனில் கடைக்குப் போனவர் கண்ணில் வானவில் கொடி ஊர்வலமொன்று பட்டது. கோணல்மாணலான வரிசை. முன்னால் பதாகையின் ஒரு முனையோடு தடுமாறிக்கொண்டிருந்தார் அவருடைய கீழ்வீட்டு நோர்வீஜியக் கிழவர் ஆர்னெ. ஊர்வலத்தாருக்குப் பொறுக்குமா? மறுமுனையைப் பிடித்துக் கடைசிவரை நடந்துவிட்டார்.

வழியில் ஆர்னெ கதை சொன்னாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டுவரை இந்த நாட்டில் ஆணை ஆண் விரும்பினால் குற்றம். அதற்கு வெகுமுன்பே இரகசியமாகக் கூடி உரிமை பேசியவர்கள், தங்களுக்குள்கூடச் சொந்தப் பெயரைச் சொல்லமாட்டார்களாம்.

"எங்கடை ஆக்கள் மாதிரித்தான். இயக்கப்பேர்!" என்று மகிழ்ந்தார் ஊர்வலத்தார்.

மறுநாள் பேப்பரில் அவர் படம். அதுவரை சீட்டுக் கடுதாசி விளையாடும் மேசைகளில் பத்திரமாயிருந்த நம் பண்பாடு அன்று பேராபத்துக்கு உள்ளானது. எங்கள் தமிழ்ச் சங்கம் அவசரமாகக் கூடியது.

"உமக்கு வேறை ஊர்வலம் கிடைக்கேல்லையோ?" என்றார் தலைவர்.

"எங்கடை ஊர்வலத்திலை ஆர்னெ மழைக்குள்ளை நடந்தவர். நீர் அண்டைக்கு எங்கை நிண்டனீர்?"

தலைவருக்கு அன்று மூக்கொழுகும் தடிமனாம். சங்கம் ஒருமனதாக ஊர்வலத்தாரை விலக்கியது. பிறகு அவரைக் கடையில் கண்டவர்களுக்கெல்லாம் வெண்டிக்காயில் திடீர் ஆராய்ச்சி. ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனிதர் உள்ளுக்குள் நொந்துதான் போனார்.

அடுத்த வருடம் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் மணக்கலாம் என்று திருமணச் சட்டம் மாறியது. மட்டக்களப்புத் தாதி ஒருத்தி, தன் யாழ்ப்பாணத்துத் தோழியோடு அவர் கதவைத் தட்டினாள். "அண்ணன், எங்கட கலியாணத்துக்கு வாறீங்களா? ரெண்டு வீட்டிலயும் ஒருத்தரும் வரமாட்டாங்களாம்."

"சாப்பாடு என்ன?" என்று மட்டும் கேட்டாராம்.

கலியாணம் நீதிமன்றத்தில். நான் போனபோது, உறைபனியில் பட்டுவேட்டியும் அதன்மேல் குளிர் ஜாக்கெட்டுமாக அவர் வாசலில் நின்றார். கையில் சந்தனக் கிண்ணம்.

இரண்டு பக்கமும் பெண் வீடு. வந்தவர்களை இரண்டு வீட்டாருக்குமாக அவர் ஒருவரே கைகூப்பி வரவேற்றார்.