மூன்றாவது நாற்காலி

ஆளில்லாத நாற்காலியிடம் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லக்கூடிய மனிதர் அரியலூர் பக்கம் ஒருவர்தான் இருந்திருப்பார். பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. சுண்ணாம்புக்கல் மைன்ஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். குழியில் தேங்கும் தண்ணீரை அளந்து எழுதுவது அவர் வேலை. நாங்கள் வைத்த பெயர் 'எக்ஸ்-ஒய்'.

கணக்கில் தெரியாத எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி போடுவார். விடை வரும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. செந்துறைக்கார லாரி டிரைவர் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். "எந்திரிங்க, அவர் மடியில உக்காந்திருக்கீங்க" என்றார் எக்ஸ்-ஒய், ரொம்பப் பணிவாக. டிரைவர் அன்று சோற்றையும் நின்றுகொண்டேதான் தின்றார். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்த நாற்காலிகளுக்கு முதுகு காட்டி டைப் அடிக்க மட்டும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஒருமுறை இரண்டு பம்பு வைத்துக் குழியில் தண்ணீர் இறைத்தார்கள். முதல் நாள் பெரிய பம்பு மூன்று மணி நேரம், சின்னது இரண்டு. எட்டு அங்குலம் இறங்கியது. மறுநாள் பெரியது இரண்டு, சின்னது மூன்று, ஏழு அங்குலம். இரண்டு சமன்பாடு, இரண்டு நாற்காலி. பெரியது மணிக்கு இரண்டு அங்குலம், சின்னது ஒன்று என்று சொல்லி நாற்காலிகளை ஓரம் போட்டார். மூன்றாம் நாள் இரண்டும் நாலு மணி நேரம் ஓடின. பன்னிரண்டு இறங்கவேண்டிய தண்ணீர் ஐந்துதான் இறங்கியிருந்தது.

பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள்; பழுதில்லை. திரும்ப மாட்டி ஓடவிட்டார்கள். மழையும் இல்லை. உச்சி வெயிலில் எக்ஸ்-ஒய் வந்து, மூன்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

"பம்பு ரெண்டுதானே சார்?"

"ரெண்டுதாம்மா. ஆனா மூணாவதா ஒருத்தன் உள்ள இருக்கான். நாம எறைக்க எறைக்கத் தண்ணி விட்டுக்கிட்டிருக்கான்."

மேனேஜரிடம் சொன்னாராம், போய்த் தூங்கு என்று விரட்டிவிட்டாராம். கீழே பம்பு ஓட்டிக்கொண்டிருந்த ஆறு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

வெடி வைக்கும் முன் சங்கு ஊதுவோம். ஊதினால் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஓடி வரவேண்டும். வெடியில்லாமல் ஊதினால் வேலை போய்விடும். சுவிட்ச் என் மேஜைக்கு மேலேதான் இருந்தது. அழுத்திவிட்டேன்.

ஆறு பேரும் வந்தார்கள். குழி விளிம்பில் நின்று மேனேஜர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, கிழக்குச் சுவர் அப்படியே சரிந்தது. அந்தப் பக்கம் கைவிட்ட பழைய குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரெல்லாம் உள்ளே பாய்ந்து இரண்டு பம்பையும் மூடிவிட்டது.

எக்ஸ்-ஒய்யை மட்டும் காணோம். ஆபீசுக்கு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வூட்டுக்காரர் வந்துட்டாராம்மா?"

"வந்துட்டார் சார்."

"கணக்குத் தப்பியிருந்தா உங்க வேலை போயிருக்குமேம்மா" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பேய் பிடித்தவர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.