சுவரில் ஒரு சேவல்காரர்

கேமராவை இரவல் வாங்கியவனுக்கு, வாங்கிய நிமிடமே எல்லாம் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. ஐம்பதுகளில், செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே கழுத்தில் பெட்டிக் கேமரா தொங்க நடந்த ஒரே ஆள் நான். (அது நண்பன் ராஜுவுடையது என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டா இருக்க முடியும்?)

எல்லாம் என் அக்கா மும்தாஜுக்காக. புதிதாகக் கல்யாணமானவள், அடுத்த வாரம் மச்சானோடு பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறாள். போனால் எப்போது வருவாளோ, யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "இன்னாடா இது, ரேசன் கடையில அரிசி இல்லன்னு கேட்டவ மாரி கீறா? எம் பொண்ணு சிரிச்ச மூஞ்சி எனக்கு ஓணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சிரித்த முகத்துக்கு நான் பொறுப்பேற்றேன்.

பின்னால் கடல் தெரிந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று எல்லோரையும் மகாபலிபுரத்துக்குப் பஸ் ஏற்றினேன். ஐப்பசி மாதத்தில்! (மூளை இருந்தால் இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?) திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கணும்" என்பதுதான் ராஜு சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். அன்று முழுக்க நானும் எல்லாத் திசைக்கும் முதுகைக் காட்டிப் பார்த்தேன். சூரியனைக் காணோம். கடலும் வானமும் ஒரே கழுநீர் நிறத்தில் கிடந்தன. வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. நனைந்த கல் யானை, நனைந்த கோயில், நனைந்த ஆடு என்று மனசே இல்லாமல் பிலிமைத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், என்னை எப்படா எடுப்பே?" என்று அக்கா நச்சரித்தாள். பார்த்தால், மிச்சம் ஒரே ஒரு படம்.

மழை லேசாக விட்டது. அம்மா, அக்கா, மச்சான் மூவரையும் கடலோரமாக நிறுத்தினேன். அம்மா அலறினாள்.

"மூணு பேரா நிக்கறது? நடுவுல கீறவங்களுக்கு ஆவாதுடா!"

நடுவில் நின்றது அக்கா. கப்பல் ஏறப்போகிறவள். அப்படியானால் அவளை மட்டும் தனியாக எடுப்போம் என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். நான் நாலாவது ஆளைத் தேடி ஓடினேன்.

மண்டபத்தில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியிருந்தார், அக்குளில் ஒரு சேவலோடு.

"அண்ணாத்த, ஒரு போட்டோவுக்கு வந்து நிக்கறீங்களா?"

"நானா? சேவலு கீதே?"

"அதுவும் வரட்டும்."

அவர் வந்து மச்சான் பக்கத்தில் விறைப்பாக நின்றார். சேவல் மச்சானின் தோளில் ஒரு கொத்துக் கொத்தியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா கேட்ட சிரிப்பு அதுதான். நான் விசையைத் தட்டவும், அம்மா கையிலிருந்த குடையைக் காற்று முன்பக்கமாகச் சாய்க்கவும் சரியாக இருந்தது.

படம் கழுவி வருவதற்குள் கப்பல் போய்விட்டது. படத்தில் சேவல்காரர் பல்லெல்லாம் தெரியப் பளிச்சென்று இருந்தார். சேவலுக்குக் கொண்டைகூடத் தெளிவு. மச்சான் பாதி. அம்மாவும் அக்காவும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குடை. அதன் ஓரத்தைப் பிடித்தபடி, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. அக்காவின் கை.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னாள். வருகிறவர்கள் எல்லாம் சேவல்காரரைக் காட்டி, "யாரு, உங்க அண்ணனா?" என்று கேட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது கேமராவைத் தூக்கினால், "சேவலுக்குச் சொல்லியாச்சா?" என்று ஒரு குரல் வரும். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

அக்கா திரும்பி வந்தபோது அம்மா இல்லை. படத்தின் முன் நின்று, "இதுல நான் எங்கடா?" என்றாள். அம்மா விரல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மங்கிப்போன கண்ணாடியைக் காட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்னதையும் சொன்னேன்:

"அதோ, அந்தக் கைதான் எம் பொண்ணு. கொடைக்குப் பின்னால சிரிச்சிகினு கீறா."