அக்காவுக்குக் காது மிஷின் பழக்கிய விவரம்

அக்கா பெற்ற செல்ல மருமகளுக்கு, உன் ஒரே மாமன் மிகுந்த வெற்றியுடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, உன் மகள் வாலு மூவரும் அப்படியே இருக்கக் கோருகிறேன்.

நிற்க. நீ எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஜோடி காது மிஷின் வாங்கிக் கொடுத்தாய். எனக்கு எறும்பு நடப்பதுகூடக் கேட்கும். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது நீ கண் கலங்கிச் சொன்னதை நான் மறக்கவில்லை. போனில் எதைச் சொன்னாலும் இங்கிருந்து "என்ன, என்ன" என்று கத்துவதால் வாலு பேசவே வரமாட்டேன் என்கிறாள், அவள் பிறந்தநாளுக்குள் எப்படியாவது பழக்கிவிடுங்கள் என்றாய். பழக்கிவிட்டேன்.

லேசில் நடந்த காரியமில்லை. முதல் நாள் மாட்டியதுமே அக்கா, "இது என்ன, என் குரலே குடத்துக்குள்ளேருந்து வருது" என்று கழற்றி சோப்பு டப்பாவில் போட்டுவிட்டாள். நான் விடுவேனா? காது டாக்டரம்மா சொன்னபடி, சத்தமில்லாத அறையில் இன்றைக்குக் கொஞ்ச நேரம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று உட்காரவைத்துப் பேப்பரை வரி விடாமல் வாசித்தேன். அப்போது ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டு, வெடிக்கப்போகிறது என்று அக்கா மெக்கானிக்கை வரவழைக்க, அவர் வந்து பார்த்துவிட்டு, "வாங்கின நாள்லேருந்து இது இப்படித்தாங்க ஓடுது, உங்களுக்கு இப்பத்தான் கேக்குது" என்று சொல்லிப் போனார். அந்த மானக்கேடு ஆறுவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிக்கிறார் என்று அக்கா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு (சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு என்று திருத்திப் படிக்கவும்) சண்டைக்குக் கிளம்பி, அவர் வாசலில் நின்று வாயிலிருந்த பிஸ்கட்டை மென்றால் அங்கேயும் அதே இடி. இடிப்பது தன் பல்லுதான் என்று புரிந்ததும், "சும்மா, சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று திரும்பியாயிற்று.

நான் அசரவில்லை. வீட்டுக்குள் பழகியபின் தெரு, தெருவுக்குப் பின் கடைவீதி என்று கைபிடித்துக் கூட்டிப்போனேன். கடைசியில் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து கைகொடுத்து, என் முறையை மற்றவர்களுக்கும் சொல்லித்தரப்போவதாகச் சொன்னார்.

நேற்று பிறந்தநாள் போன் வந்ததே, அதில் வாலு ஏதோ ரகசியத்தைக் குசுகுசுத்தாள். அக்கா "என்ன" என்று கேட்கவே இல்லை. ஒரே தடவையில் பிடித்து, பதிலுக்குக் குசுகுசுத்தாள். அந்தப் பக்கம் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது வீடு முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். வாலு நூறாண்டு நல்ல காதோடு இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்து முடித்த மாமா

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாவி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டாள். "உள்ளதை எழுதாம சாப்பிட வராதே" என்கிறாள். ஆகவே மேலே, பழக்கிய விஷயத்தில், அக்கா என்று வரும் இடத்தில் நான் என்றும், நான் என்று வரும் இடத்தில் அக்கா என்றும் மாற்றிப் படித்துக்கொள். அவள் இரண்டே நாளில் பழகிவிட்டாள், சத்தம் காட்டவில்லை. டாக்டரம்மா கைகொடுத்தது மட்டும் எனக்குத்தான், அதில் கை வைக்காதே.

வாலு குசுகுசுத்ததும் என் காதில்தான். அது என்ன ரகசியம் என்று உன் அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் கேட்பது மட்டும் ஏனோ என் காதில் விழவில்லை.