செக்கர் நடத்திய கட்டுரை வகுப்பு

மச்சினன் இனிமேல் இந்த வீட்டில் வந்து தங்கவே கூடாது. பஸ் செக்கர் இந்த முடிவை எடுத்தது போன லீவில், சொந்தக் குளியலறை வாசலில், தோளில் துண்டோடு நின்றபோது. உள்ளே மச்சினன் பாடிக்கொண்டிருந்தான். ரெண்டு நாள் தங்க வந்தவன். காலண்டரில் தாள்தான் கிழிந்துகொண்டே போனதே தவிர, அவன் பெட்டியை மூடுகிற வழியாய் இல்லை. செக்கரின் நாற்காலி, செக்கரின் தலையணை, செக்கரின் டிவி ரிமோட், எல்லாம் அவனுக்கு.

முடிவை எடுத்தாரே ஒழிய யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லும் தைரியம் இருந்தால் அவர் ஏன் மனசுக்குள் முடிவெடுக்கப் போகிறார்? பஸ்ஸில் ஏறி அவர் "டிக்கெட்" என்றால், பாக்கெட்டே இல்லாத ஆள்கூட பாக்கெட்டைத் தடவுவான். வீட்டில் அவர் குரல் கொடுத்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

இப்படி இருக்கையில் ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷ் பேப்பரோடு வந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. கட்டுரைக்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கதையை அப்படியே எழுதியிருக்கிறாய். கேள்விக்குப் பதில் எங்கே?' முழுப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இவளுக்குக் கட்டுரை வரமாட்டேங்குது. என் தம்பியைக் கூப்பிடட்டுமா? அவன் போன்ல இங்கிலீஷ் பேசினா தெருவே நின்னு கேக்குது" என்றாள் மனைவி.

செக்கருக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

"அவனுக்கு எதுக்கு அலைச்சல்? நான் சொல்லித் தர்றேன்."

"நீங்களா? சாயங்காலம் ஆனா கேரம் போர்டு உங்களைத் தேடுமே."

"தேடினா தேடட்டும்."

"பாதியில விட்டுட்டு ஓடினீங்கன்னா தம்பிக்குப் போன் போட்டுடுவேன், ஆமா."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேஜைதான் வகுப்பு. பாடத்தில் ஒரு கதை. ஊருக்கெல்லாம் கடிகாரம் சரிசெய்து கொடுக்கும் ஒருவன், தன் மகள் கல்யாணத்துக்கு நேரம் தவறிப் போகிறான். அவன் நல்ல தகப்பனா, இல்லையா? இதுதான் கேள்வி. மகளோ, அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, கல்யாணப் பந்தல் பிரிக்கிற வரைக்கும் எழுதி வைத்திருந்தாள்.

செக்கர் இலக்கியம் படித்தவர் இல்லை. ஆனால் டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்தால் மேலதிகாரிக்கு இங்கிலீஷில் அறிக்கை எழுத வேண்டும். அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இங்க பாரும்மா. கட்டுரைங்கறது ஒரு பஸ். முதல் பத்திதான் முன்னாடி மாட்டற போர்டு. எங்க போறோம்னு அதுல தெரியணும். நீ போர்டே மாட்டாம வண்டியை எடுத்துட்ட."

"போர்டுல என்னப்பா எழுதறது?"

"அவன் நல்ல அப்பாவா, இல்லையா? நீ என்ன நினைக்கிற?"

"நல்ல அப்பாதான். ஆனா கவனம் இல்லாத அப்பா."

"அவ்வளவுதான் போர்டு! அப்புறம் ஒவ்வொரு கருத்தா ஏத்து. ஒரு பத்தியில ஒரு கருத்துதான். ரெண்டு பேரை ஒரே சீட்ல உட்கார வெச்சா சண்டை வரும். ஏறுற கருத்துக்கெல்லாம் டிக்கெட் வேணும். டிக்கெட்னா ஆதாரம். கதையில இருக்கற வரியை அப்படியே எடுத்துக் காட்டணும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்த்தாலும் கள்ள டிக்கெட்."

"டிக்கெட்டைக் காட்டிட்டா போதுமா?"

"அது எப்படி? இந்த டிக்கெட் இந்தக் கருத்துக்கு எப்படிச் செல்லும்னு விளக்கணும். நேத்து டிக்கெட்டை இன்னிக்கு நீட்டினா விட்டுடுவேனா?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க கருத்து தப்புன்னு யாராவது சண்டைக்கு வந்தா?"

"எதிர்க்கருத்தையும் ஏத்திக்கணும். மரியாதையா உட்கார வெச்சுப் பதில் சொல்லணும். துரத்தி விட்டா மார்க் போயிடும்."

"அட! வீட்ல மட்டும் எதிர்க்கருத்தை ஏத்தவே மாட்டீங்களே!"

"நடுவுல பேசாதே. முடிவுரைக்கு வந்துட்டேன்."

சாயங்காலம் தவறாமல் இதே பாடம். தெருமுனையில் கேரம் காய்கள் டொக் டொக்கென்று கூப்பிட்டன. செக்கரின் விரல் மேஜைமேல் தானாகச் சுண்டியது. எழுந்திருக்கலாமா என்று பார்ப்பார். மனைவியின் கை போனுக்குப் போகும். பழையபடி உட்கார்ந்துவிடுவார். மகள் எழுதுவாள், அவர் ஒவ்வொரு பத்தியாக ஏறி "டிக்கெட்?" என்று கேட்பார். மூன்றாவது பத்தி பல தடவை வித்தவுட்டில் பிடிபட்டது. போகப் போக, அவர் வாயைத் திறக்குமுன் மகளே ஆதாரத்தை நீட்ட ஆரம்பித்தாள்.

முழுப் பரீட்சை முடிந்தது. பேப்பரும் வந்தது. கட்டுரையில் வகுப்பிலேயே முதல் மார்க். டீச்சர் அதைச் சத்தமாகப் படித்தே காட்டினாராம்.

செக்கருக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் விழட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முழங்கினார். "எந்தப் பிள்ளையா இருந்தாலும் சரி, லீவுல என்கிட்ட கொண்டுவந்து விடட்டும். கட்டுரையில கரை சேர்த்துக் காட்டறேன்!"

"எந்தப் பிள்ளையா இருந்தாலுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் மனைவி.

"சொன்னா சொன்னதுதான். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

லீவு விட்ட முதல் நாள் காலையில் அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, நானும் ஒரு கட்டுரை சொல்லட்டுமா? நீங்க சொன்ன மாதிரியே."

"சொல்லு சொல்லு." செக்கருக்குப் பெருமை தாங்கவில்லை.

"போர்டு: என் தம்பி இங்க வந்து தங்கணும்."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஆதாரம்: 'எந்தப் பிள்ளையா இருந்தாலும் சரி, லீவுல என்கிட்ட கொண்டுவந்து விடட்டும்.' யாரோ ஜன்னல் பக்கத்துல நின்னு சொன்னது. சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கல. விளக்கம்: என் தம்பிக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கும் கட்டுரை வரல. அவ தனியா வர முடியாது. அப்பா கொண்டுவந்து விட்டாத்தான் உண்டு."

"எதிர்க்கருத்து!" செக்கர் எழுந்தே விட்டார். "உன் தம்பிக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே! அவன் பொண்ணுக்கு நான் எதுக்கு?"

"பேசத் தெரியும். எழுதச் சொன்னா கை உதறும். பள்ளிக்கூடத்துல கட்டுரைப் பக்கத்தை வெறுமனே மடிச்சுக் கொடுத்துட்டு வந்தவன் அவன்."

"அப்புறம் நம்ம பொண்ணுக்குச் சொல்லித் தர அவனைக் கூப்பிடறேன்னு ஏன் சொன்ன?"

"கூப்பிடட்டுமான்னு கேட்டேன். சொல்லித் தருவான்னு நான் எப்போ சொன்னேன்? வேற எதைச் சொல்லி உங்களைக் கேரம் போர்டுல இருந்து பிரிக்கறது?"

செக்கர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

"சரி... ஒரு வாரம். ஒரே வாரம்தான். பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிடறேன்" என்றார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மச்சினன் இறங்கினான். அவன் பொண்ணு இறங்கினாள். அப்புறம் பெட்டிகள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன.

"வாங்க மாப்ளே" என்றார் செக்கர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பாப்பாவுக்கு எப்போ பரீட்சை? சீக்கிரம் ஆரம்பிச்சு சீக்கிரம் முடிச்சுடலாம்."

மச்சினன் செக்கரின் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

"அவசரமே இல்ல அத்தான். அவளுக்குப் பரீட்சை அடுத்த வருஷம்தான்."