ஆடி மாசத்துக்கு ஆபீசர் கேட்ட விளக்கம்

வெளையாட்டுக்குச் சொன்னேனாம்! யாரப் பாத்து மாப்ள அந்த வார்த்தயச் சொன்னீங்க? "நெசமாவே மொறையா, இல்ல வழக்கம்போல கிண்டலா மாமா?"ன்னு கேட்டுட்டு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டொக்குனு போன வெச்சிட்டீங்களே, இது ஞாயமா? கல்யாணத்தப்போ அந்த மீசைய எடுங்கன்னு மூணு தடவ சொன்னேன், எடுத்தீங்களா? ஊட்ட உட்டு வெளிய போங்கன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன், போயிட்டீங்க. இதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?

சரி. கடுதாசின்னா மரியாதையா ஆரம்பிக்கணும்னு உங்க அத்த பவுனு அதட்டறா. ஆரம்பிக்கிறேன்.

திண்டிவனம், ஆடி 20, செவ்வாய்க்கிழமை. கடல் தாண்டிப் போயும் மாமனார் பேச்சைத் தட்டாத மாப்பிள்ளை சுதாகர் அவர்களுக்கு அரசப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் பவுனுவும் சினையாக இருக்கும் வெள்ளாடும் நலம். அங்கு நீங்களும் என் மகள் அம்பிகாவும் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை என்று உங்கள் அத்தை சொல்கிறாள். ஆகையால் கேட்கவில்லை.

போன்ல பேசாம எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. அம்பிகா ஒரு வாரமா என் போன எடுக்கறதில்ல. "அப்பா கூப்பிட்டா எடுக்காதீங்க, இன்னும் எதனா மொற சொல்லுவாரு"ன்னு உங்களயும் தடுத்து வெச்சிருக்கா. அதான் நோட்டுப் பேப்பர்ல எழுதி, ஜெராக்ஸ் கடை வேணிகிட்ட குடுத்து, போட்டோ புடிச்சி உங்க போனுக்கு அனுப்பறேன். வியாழக்கெழம உங்க ரெண்டு பேரயும் விசா ஆபீசுல விசாரிக்கப் போறாங்க. நான் ஆபீசருக்கு இன்னா எழுதிக் குடுத்தேன்னு தெரியாம நீங்க வேற எதனா ஒளறிட்டா, பொண்டாட்டி விசாவுல ஒட்டிக்கினு போன ஆளு நீங்க, 'இது நெசக் கல்யாணமே இல்ல'ன்னு உங்கள பிளைட்டு ஏத்தி உட்டுடுவாங்க. எம்பொண்ணு அந்தக் குளுருல ஒண்டியா நிப்பா. அத நெனச்சி நெனச்சி மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. காலையில தின்ன ஆறு இட்லி எங்க எறங்குச்சின்னு பவுனு கேக்கறா. நான் சோத்தச் சொன்னேன்.

நடந்தது இதான், நீங்களும் இதே மாதிரி சொல்லணும். ஆடி பொறக்கறதுக்கு மொத நாளு வீடியோவுல நீங்கதான ஆரம்பிச்சீங்க? நியூசிலாந்து வந்து ரெண்டு மாசம் ஆவுது மாமா, ஊட்டுக்கு ஹீட்டரு வாங்கியாச்சி, குப்ப போட மூணு கலர்ல தொட்டி இருக்குது, வாழப்பழத் தோல எந்தத் தொட்டில போடணும்னு அம்பிகா தெனமும் கிளாஸ் எடுக்கறா, குளுர்ற ஊருல ஏசி மெக்கானிக்குக்கும் வேல கெடச்சிடுச்சின்னு சிரிச்சிக்கினே சொல்லி, கடைசில "இங்க ஆடியும் கெடையாது ஆவணியும் கெடையாது, நாங்க ஜாலியா இருக்கறோம்"ன்னீங்க பாருங்க, அப்பத்தான் நான் மொறையச் சொன்னேன். "மாப்ள, கல்யாணமாயி மொத ஆடி. பொண்ண அம்மா ஊட்டுக்கு அனுப்பணும். அவ்ளோ தூரம் அனுப்ப முடியலன்னா நீங்க வெளிய போயி இருங்க, ஒரு மாசம். எங்க குடும்பத்துல இத மீறுனவங்க கெடையாது"ன்னேன். அப்போ நான் சிரிக்கல. வாயப் பொத்திக்கினது இருமலு.

நீங்க அன்னிக்கே பொட்டியக் கட்டிக்கினு உங்க கூட்டாளி அலெக்ஸ் ஊட்டு கார் ஷெட்டுல போயி படுத்தீங்க. சரி, மொறைக்கு மதிப்பு குடுத்தீங்க, சந்தோசம். ஆனா சாயங்காலம் சாயங்காலம் சாப்பாடு வாங்க வந்தவரு, கேட்டுக்கு வெளியவே நின்னு கையக் கையத் தேச்சிக்கினு, அம்பிகா உள்ள இருந்து டிபன் கேரியர நீட்ட, வாங்கிக்கினு தலயத் தொங்கப் போட்டுக்கினு போனா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? கேட்டத் தாண்டக் கூடாதுன்னு நான் சொன்னனா? அது உங்க சொந்தச் சேர்மானம். எதுத்த ஊட்டு வெள்ளக்காரம்மா பத்து நாளா ஜன்னல் வழியா பாத்துக்கினே இருந்து, பாவம் புருசன தொரத்திட்டா போலன்னு உங்களுக்கு ஒரு கம்பளியக் குடுத்துட்டு, அம்பிகாவக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கினு போவுதாம். முதியோர் இல்லத்துல நர்சு வேல பாக்கற பொண்ணு, ஊரு பெருசுங்கள எல்லாம் தூக்கி ஒக்கார வெக்கறவ, அவளுக்கு இந்தப் பேரு தேவையா?

அந்த நேரம் பாத்துத்தான் உங்க விசாவச் சரிபாக்கறதுக்கு விசா ஆபீசர் போன் பண்ணாரு. எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா. என் வளப்பு இல்ல, அவ அம்மா வளப்பு.

"புருசன் இருக்காரா?"ன்னு கேட்டிருக்காரு.

"இல்ல சார், ஒரு மாசம் வேற ஊட்டுல இருக்காரு."

"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டையே கெடையாது சார்."

"அப்பறம் ஏன் போனாரு?"

"எங்கப்பா போவச் சொன்னாரு."

அந்த ஆபீசரு அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லி எழுதிக்கினாராம். அப்பறம்தான், குடும்பத்துப் பெரியவரு கையெழுத்துப் போட்டு ஒரு விளக்கமும், கல்யாண போட்டோவும் அனுப்பச் சொன்னாராம். விழுப்புரத்துலேர்ந்து உங்கம்மா போன் பண்ணி என்ன வாழ்த்துன வாழ்த்துல போன் பேட்டரியே சூடாயிடுச்சி.

ஜல்தியா ஆல்பத்தத் தூக்கிக்கினு வேணி கடைக்கு ஓடினேன். அவ ஒவ்வொண்ணா பொரட்டிட்டு, "இன்னா பெரியப்பா, எல்லா போட்டோவுலயும் பொண்ணுக்கும் மாப்ளைக்கும் நடுவுல நீ நிக்கிற?"ன்னா. பாத்தா ஆமாம். தாலி கட்டும்போது நான். மால மாத்தும்போது நான். சாப்பிடும்போது நடுவுல எலயப் போட்டுக்கினு நான். "இதப் பாத்தா பொண்ணு உன்னத்தான் கட்டிக்கினு போறா மாதிரி இருக்குது"ன்னு சொல்லி, கடசில நான் கீழ குனிஞ்சி செருப்பு தேடற போட்டோ ஒண்ணு கெடச்சிது, அத அனுப்பியிருக்கோம். கீழ தெரியற சொட்ட என்னுது. ஆபீசர் கேட்டா தேங்கான்னு சொல்லிடுங்க.

இங்கிலீசுல எழுதறதுக்கு ரிட்டையர்டு விருத்தாசலம் வாத்தியாரப் புடிச்சேன். அவரு ரெண்டு பக்கம் எழுதினாரு. வேணி படிச்சிப் பாத்துட்டு, "ஆடி மாசத்துல பொண்டாட்டிகூட இருந்தா இந்தியாவுல போலீசு புடிச்சிக்கினு போவும்னு வருது பெரியப்பா"ன்னா. பேஜாராயிடுச்சி. அதக் கிழிச்சிப் போட்டுட்டு நான் அஞ்சாங்கிளாஸ் தமிழுல சொல்ல, வேணி கம்ப்யூட்டர வெச்சி இங்கிலீசாக்கி, இன்னிக்குக் காலையில நேரா ஆபீசு மெயிலுக்கே அனுப்பிட்டா. அதுல இருக்கறது இதுதான், மனப்பாடம் பண்ணுங்க:

'மதிப்பிற்குரிய ஆபீசர் அய்யா. என் மகளும் மருமகனும் சந்தோஷமான தம்பதிகள். கல்யாணம் ஆன முதல் ஆடியில் புருஷனும் பொஞ்சாதியும் பிரிந்து இருப்பது எங்கள் முறை. காரணம், ஆடியில் சேர்ந்தால் சித்திரையில், அதாவது ஏப்ரல் கடைசியில், பிள்ளை பிறக்கும். கத்திரி வெயிலில் தாயும் பிள்ளையும் தவிக்கும். எங்கள் குடும்பத்தில் இதை மீறியவர் ஒருவரும் இல்லை. நானே 1997 வைகாசியில் கல்யாணம் ஆகி, அந்த ஆடி முழுவதும் என் மனைவியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இது சத்தியம். இப்படிக்கு, பெண்ணைப் பெற்ற அரசப்பன்.'

எப்படி? படிச்சதும் வேணியே ஒரு மாதிரி ஆயிட்டா. ஒரே ஒரு பயம். உங்க ஊருல ஏப்ரல்ல வெயிலே கெடையாதாமே, போர்வ போத்திக்கினு இருப்பாங்களாமே. ஆபீசர் அதக் கேட்டா முழிக்காதீங்க. காலண்டர் இங்க அடிச்சது, வெயிலும் இங்கத்ததுதான்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம திருவக்கரை காளி கோயிலுக்குப் போயி அந்த அம்மாகிட்ட கண்ணத் தொடச்சிக்கினு நின்னேன். எம்மாப்ளைய அங்கயே இருக்க வெச்சா, இனிமே யாரயும் கிண்டல் பண்ணமாட்டேன்னு வேண்டிக்கினேன். பவுனு பக்கத்துல நின்னுக்கினு, நடக்கற வேண்டுதலா வேண்டுன்னு சொல்லிட்டா. அப்பறம் எலுமிச்சம்பழ மாலையா மாத்திக்கினேன்.

நீங்களும் அம்பிகாவும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஹீட்டர் முன்னால், பேரப்பிள்ளைகளோடு நீண்டகாலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அலெக்ஸுக்கு என் வணக்கத்தையும், எதிர்வீட்டு அம்மாவுக்குக் கம்பளிக்காக நன்றியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
முறை தவறாத மாமனார்,
அரசப்பன்

பின்குறிப்பு: மாப்ள, மேல எழுதினத எல்லாம் பவுனுக்குப் படிச்சிக் காட்டினேன். மொறத்துல மல்லாட்டைத் தோல உரிச்சிக்கினே கேட்டவ, "கண்ணால கூடப் பாக்கலியா?"ன்னா. "ஆமா"ன்னேன். "அம்பிகா எப்போ பொறந்தா?"ன்னா. எனக்கு அப்பத்தான் குப்புனு வேர்த்துச்சி. ஏப்ரல் இருபத்தெட்டு, தொண்ணூத்தெட்டு. சித்திரை பதினஞ்சு. அம்பிகா பாஸ்போர்ட்டுல அது இருக்குது, பாஸ்போர்ட்டு ஆபீசர் மேசையில இருக்குது, என் கல்யாணம் எப்போன்னு நானே அவருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வேணி கடைக்கு ஓடினேன், போனது போனதுதான், திரும்ப வாங்க முடியாதாம். கொறப் பிரசவம்னு சொல்லிடலாமான்னா, பொறக்கும்போதே மூணேமுக்கா கிலோன்னு பவுனு சொல்றா.

அதனால ஒண்ணு பண்ணுங்க. நான் சொன்னத எல்லாம் உடுங்க. இதப் பாத்த ஒடனே கம்பளிய மடிச்சிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க. கேட்டத் தாண்டி உள்ள போங்க. வியாழக்கெழம ஆபீசர் கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க: மொற நெசம், ஆனா எங்க மாமனார் கிண்டலுக்குச் சொன்னாரு, அவரே அவரு காலத்துல தாங்கல, நானும் தாங்கல, வந்துட்டேன்னு. நம்புவாரு. அவரும் பொண்டாட்டி புள்ள வெச்சிருப்பாரு.

நான் எப்படி மீறுனேன்னு கேட்டாருன்னா அதயும் சொல்லிடுறேன். பவுனு பொறந்த ஊரு கெடாருல அன்னிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறாங்க, மாமனார் மாமியார் எல்லாம் கோயில்ல. திண்டிவனத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போயி, பட்டப்பகல்ல, ஒரு சொம்பு தண்ணி குடுங்கன்னு கதவத் தட்டினேன். பவுனு கதவத் தொறந்தா. தொறந்துட்டு அவ சொன்னது இன்னான்னா

எழுதறதுக்குள்ள மல்லாட்டை மொறத்த அப்பிடியே போட்டுட்டு எழுந்துட்டா மாப்ள. என் மூக்குக்கண்ணாடியயும் புடுங்கிக்கினு தோட்டத்துப் பக்கம் போய்க்கினு இருக்கறா. இந்த வரி கோணலா இருந்தா அதான். ஏ பவுனு, நில்லு, உன் பேரு போடல, ஆபீசருக்குத்தான், ஒரே ஒரு வரி