இருபது நிமிட ஒளி

"மாமா, கொஞ்சம் நடுங்குங்களேன்" என்று கெஞ்சினார் ஆய்வாளர்.

மாமனார் இடது கையை நீட்டிப் பார்த்தார். ஆடாமல் அசையாமல் நின்றது. "வரமாட்டேங்குதே மாப்ளே. உங்க மானம் போயிடக்கூடாதுன்னு காலைல மாத்திரையை ஒழுங்கா போட்டுட்டேன்."

"அதைத்தானே போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

மாமனாருக்கு நாலு வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய். மாப்பிள்ளைக்கு மூன்று வருடமாகத் தொப்பிப் பைத்தியம். உள்ளே வரிசையாகக் குட்டி எல்இடி விளக்குகள் பதித்த தொப்பி. அதன் ஒளி நடுக்கத்தைக் குறைக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அதைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவுசெய்யத்தான் குழு வந்திருந்தது.

"கவலைப்படாதீங்க, நடிச்சுடறேன்" என்றார் மாமனார்.

குழுத் தலைவர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே வந்து உட்கார்ந்தார். கோப்பின் பக்கங்களைக்கூடப் பக்கத்திலிருந்த உறுப்பினர்தான் புரட்டிக் கொடுத்தார். என்ன திமிர் என்று ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனார் வலது கையை ஆட்டினார்.

"இடது கைன்னு போட்டிருக்கே?" என்றார் உறுப்பினர்.

மாமனார் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஆட்டினார்.

"நடுக்கம் இவ்வளவு வேகமா இருக்காது" என்றார் தலைவர், மெதுவாக.

ஆய்வாளர் அவசரமாகத் தொப்பியை மாட்டி, பொத்தானை அழுத்தினார்.

"எரியுதா?" என்றார் உறுப்பினர்.

"கண்ணுக்குத் தெரியாத ஒளி சார்."

"அப்ப எரியலைன்னாலும் தெரியாது."

இதை எதிர்பார்த்துத்தான் ஆய்வாளர் தொப்பியின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கை ஒட்டியிருந்தார். அதைப் போட்டார். அது மாமனாரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று ஆய்வாளர் கண்ணைக் காட்ட, போதாது என்கிறார் போலிருக்கிறது என்று மாமனார் கையை வீசி ஆட்ட, மேசையிலிருந்த தண்ணீர்க் குவளை தொப்பிக்கு மின்சாரம் தரும் பெட்டியின் மேல் கவிழ்ந்தது. பட்டென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. பயத்தில் மாமனாரின் கை அப்படியே நின்றது.

"அணைச்சாத்தான் குணமாகுது" என்று எழுதிக்கொண்டார் உறுப்பினர்.

தலைவர் மட்டும் விடவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்?"

"இருபது சார்."

"தலை சூடாகுமா?"

"ஆகாது."

"வீட்டுலயே போட்டுக்கலாமா? யாருக்கும் தெரியாம?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார் என்று ஆய்வாளர் பல்லைக் கடித்தார். "போட்டுக்கலாம் சார்."

"முடிவைக் கடிதத்துல சொல்றோம்." குழு எழுந்து போனது.

"எல்லாம் என்னாலதான்" என்றார் மாமனார். ஆய்வாளர் ஈரமேசையைத் துடைத்தார்.

கதவருகே தலைவரின் கார் ஓட்டுநர் தயங்கி நின்றார். யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், ஆறு மாசமா ஐயாவுக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடறேன், அந்தத் தொப்பில ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."